வந்து போகும் எண்ணமும் போகாத எண்ணமும்

வெள்ளவத்தை ரயில் மேடையில் நிற்கிறோம். வண்டி நெருங்குகிறது. 'முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டால்?' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கிறது. கோயிலில் தீபாராதனை நேரம், வாயில் சொல்லக் கூசும் ஒரு வார்த்தை மனதில் ஓடுகிறது. கைக்குழந்தையோடு மாடி விறாந்தையில் நிற்கும் தாய்க்கு வரும் நினைப்பை எழுதவே வேண்டாம். யாரும் யாரிடமும் இதைச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொருவரும், 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நம்பிக்கொள்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்தவர். பத்மால் டி சில்வா, லண்டன் மனநோய் மருத்துவ நிறுவகத்தில் பணியாற்றிய மருத்துவ உளவியலாளர். 1978இல் அவரும் ஸ்டான்லி ராக்மனும் நோய் எதுவும் இல்லாத 124 பேரிடம், வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். 99 பேர் ஆம் என்றார்கள். வியப்பு அதோடு முடியவில்லை. இவர்களுடைய எண்ணங்களையும் ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களின் எண்ணங்களையும் கலந்து, துறை அறிந்தவர்களிடம் பிரிக்கக் கொடுத்தபோது அவர்களாலேயே சரிவரப் பிரிக்க முடியவில்லை. பின்னாளில், 2014இல் வெளியான ஆய்வொன்று 13 நாடுகளில் 777 மாணவர்களைக் கேட்டது. முந்தைய மூன்று மாதத்துக்குள் இப்படி ஒன்றாவது வந்ததாக நூற்றுக்கு 94 பேர்வரை சொன்னார்கள்.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? எண்ணத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி. மற்றவருக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. நோயாளிக்கோ, 'இப்படி நினைத்தேனே, நான் எப்படிப்பட்ட ஆள்?' என்ற பதற்றம் பிடித்துக்கொள்கிறது. அதைத் தணிக்கக் கை கழுவுகிறார், காஸ் அடுப்பைத் திரும்பப் பார்க்கிறார், மந்திரத்தை முதலிலிருந்து சொல்கிறார். பதற்றம் சற்றுத் தணியும். தணிந்ததே வினை. அடுத்த முறையும் அதையே செய்யச் சொல்லி மூளை கேட்கும்.

டி சில்வாவின் இன்னொரு வேலைதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1985இல் அவர் பழைய பாளி நூல்களையும் நவீன நடத்தைச் சிகிச்சையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அந்தப் பாளி நூல்களில் ஒன்றான விதக்கசண்டான சுத்தம் வேண்டாத எண்ணத்துக்கு ஐந்து வழி சொல்கிறது. நல்ல எண்ணத்தால் அதை அகற்றுவது முதல் வழி. தச்சன் சிறு ஆப்பால் பெரிய ஆப்பைத் தட்டி வெளியேற்றுவதுபோல என்கிறது நூல். கண்டுகொள்ளாமல் விடுவதும் அவற்றில் ஒன்று. பல்லைக் கடித்து அடக்குவது கடைசி வழி. அதைக் கடைசியில் வைத்தது நல்லதாய்ப் போயிற்று: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுவே திரும்பத் திரும்ப வருவதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் காட்டிவிட்டார்.

இன்றைய முதன்மைச் சிகிச்சை அடக்கச் சொல்வதில்லை. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் செய்துகாட்டியதன் வழி வந்தது அது. பயப்படும் பொருளைத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும், எதுவும் நடக்காது, மெல்ல இறங்கும். படிப்படியாக, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்வது இது. மருந்தும் பலருக்கு உதவுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. "கதவு பூட்டியாச்சா?" என்று பத்தாம் தரமும் கேட்பவருக்குப் பத்தாம் தரமும் "பூட்டியாச்சு" என்று சொல்வது அன்புதான், ஆனால் அதுவும் நோய்க்குத் தீனி. எப்படி நிறுத்துவது என்பதைச் சிகிச்சை தருபவரிடமே கேளுங்கள். வெள்ளவத்தைக்காரர் அதற்காக அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. களுபோவில போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.