ஓலையில் காடும் கரடும்

பனிக்காலத்தில் ரொறன்ரோ வீடுகளில் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் நம் கைத்தோலே வெடிக்கிறது. ஊரிலிருந்து பெட்டியில் வந்த வைத்திய ஏடோ சோதிட ஏடோ அங்கே இருந்தால் அதற்கும் அதே கதிதான். ஈரம் குறையக் குறைய ஓலை முறுகி நொறுங்கும்.

ஏடு செய்ய, முற்றலும் பிஞ்சும் அல்லாத பனையோலையை ஈர்க்கு நீக்கி, நறுக்கி, அவித்து உலர்த்தி, தேய்த்து மெருகேற்றுவார்கள். எழுத மேசை வேண்டாம். இடக்கையில் ஓலை, வலக்கைப் பிடிக்குள் எழுத்தாணி. இடது பெருவிரல் ஓலையை மெல்ல நகர்த்திக் கொடுக்கும். எழுதும்போது மை கிடையாது, கீறல்தான் எழுத்து. பிறகு விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசித் துடைப்பார்கள். மேலே உள்ள கரி போய்விடும், கீறலுக்குள் இறங்கியது தங்கும். அதுவரை தெரியாத வரி கறுப்பாக எழும்பி வரும்.

வாசிப்பதுதான் பெரும்பாடு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை பொத்துவிடும் என்று புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ஆகவே ‘காடு’ என்றாலும் ‘கரடு’ என்றாலும் ஏட்டில் ஒன்றுதான். ‘பெறு’, ‘பேறு’ இரண்டுக்கும் ஒற்றைக் கொம்பே. இரட்டைக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தந்தது. எது சரி என்று எழுத்து சொல்லாது, பொருளும் யாப்பும்தான் சொல்லும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினாரே, இப்படி ஒவ்வோர் எழுத்தாக மல்லுக்கட்டித்தான். அந்த உழைப்பை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதனால் வீடுகளில் தப்பிக் கிடக்கும் ஒவ்வொரு கட்டும் பெறுமதியானது. நூலக நிறுவனம் (Noolaham Foundation) இலங்கைச் சுவடிகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் 30 லட்சம் டாலர் திரட்டித் தமிழ் இருக்கையே அமைத்துவிட்டோம். ஏடு வாசிக்கத் தெரிந்த இளையவர்களையும் நாம் உருவாக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். கயிறு அவிழ்ந்து வரிசை குலையுமுன், ஓரத்தில் உள்ள தமிழ் எண்ணும் தெரியும்படி ஒவ்வோர் ஏட்டையும் படம் எடுத்து வையுங்கள். இந்தப் பனிக்காலத்திலேயே செய்யுங்கள்.