தெந்தோங் மலைக்கு ஒரு வழிபாடு



ஆற்றைத் தாயென வணங்கும் மரபு நமக்குப் புதியதன்று. ஆறு சினந்தெழுந்த நாளை நினைந்து, அன்று அடைக்கலந் தந்த மலைக்கு ஆண்டுதோறும் நன்றி செலுத்தும் ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி இன்று கூற விழைகின்றேன். இந்தியாவின் சிக்கிம் மாநிலத்திலே வாழும் லெப்சா மக்களே அவர்கள். தம்மை ‘ரோங்’ என அழைத்துக்கொள்ளும் இத்தொல்குடியினர் இன்று தம் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினர்.

ஓகஸ்ட் 8 ஆம் நாள் அவர்தம் திருவிழா. தெந்தோங் லோ ரும் பாத் என்பது அதன் பெயர். தெந்தோங் மலைத் தெய்வ வழிபாடு என்பது பொருள்.

அவர்கள் சொல்லும் பழங்கதை இது. ரங்கீத் என்னும் ஆறு காதலன், தீஸ்தா காதலி. இருவரும் மலையினின்று இறங்கி ஓரிடத்திற் சந்திப்பதென உடன்பட்டனர். தீஸ்தாவுக்குப் பாம்பு வழிகாட்டியது. ரங்கீத்துக்கு ஒரு பறவை. பறவையோ இரைதேடி அங்குமிங்கும் அலைந்தது. பிந்தி வந்த ரங்கீத், காதலி தனக்கு முன்னே வந்து நிற்கக் கண்டு நாணினான், நாணம் சினமாயிற்று. வந்த வழியே திரும்ப முற்பட்டான். நீர் பின்னோக்கிப் பெருகி ஊர்களை விழுங்கியது. மாந்தர் தெந்தோங் உச்சிக்கு ஓடினர். அங்கும் நீர் தொடர, கைகூப்பி வேண்டினர். அப்பொழுது ஒரு கவுதாரி தோன்றி, குரக்கன் மதுவைத் தெளித்து வெள்ளத்தைத் தணித்ததாம். லெப்சாத் திருமணங்களில் இவ்விரு ஆறுகளின் காதல் இன்றும் பாடப்பெறுகின்றது.

வகுப்பறைப் படத்தில் ஆறு ஒரு நீலக்கோடு மட்டுமே. மலைச்சரிவு ஆற்றை அடைக்க நீர் மேலேறிய உண்மை நிகழ்ச்சி ஏதேனும் இக்கதையின் அடியில் உறங்கக்கூடும் என்பது என் எண்ணம்.

விழாவில் ஆடம்பரம் மிகுதியில்லை. ஏறத்தாழ 8,500 அடி உயரமுள்ள அம்மலைக்குச் சிலர் ஏறிச் செல்வர். கற்களை அடுக்கி மலையுருவம் அமைத்து, ‘போங்திங்’ எனப்படும் பூசகர் மதுவும் தானியமும் படைத்து மன்றாடுவார்.

தீஸ்தாவின் குறுக்கே நீர்மின் அணைகள் எழுந்தபொழுது லெப்சா இளைஞர் 2007 ஆம் ஆண்டிலே உண்ணாநோன்பிருந்து எதிர்த்தனர். அவர்தம் ஒதுக்கிடமான சோங்கு பகுதியில் சில திட்டங்கள் கைவிடப்பட்டன. வேறிடங்களில் வேலை தொடர்ந்தது. 2023 ஒக்டோபர் 3 ஆம் நாள் இரவில், வடக்கே பனியாற்று ஏரியொன்று உடைத்துக்கொண்டது. சுங்தாங்கில் 1,200 மெகாவாற் மின் நிலையத்துக்கென எழுப்பிய அணையை அவ்வெள்ளம் சில நிமிடங்களில் அடித்துச் சென்றது. பாலங்கள் பல போயின, உயிர்களும் போயின. கதையிற் பெருகிய அதே தீஸ்தாவின் கரையிலேதான் இது நிகழ்ந்தது.