கணிப்பானின் மறுபிறப்பு

தச்சர் ஒருவர் செய்த தேர் நூறாண்டு கழிந்தும் தெருவில் ஓடுதல் கூடும். ஆயின், அத்தேரின் அச்சினை அவர் எவ்வாறு அளந்தார், சக்கரத்தை எவ்வாறு பொருத்தினார் என்பனவற்றை எவரேனும் கேட்டறிந்து காவாராயின், அவரோடு அவர்தம் கலையும் மறைந்துபோம். செய்த பொருள் கண்ணுக்குத் தெரியும். செய்த முறை கண்ணுக்குத் தெரியாது. முறையை அறிந்தார் பொருளை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். பொருளை மட்டும் உடையார் அதனைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமேயன்றி வேறொன்றும் செய்தல் இயலாது. இவ்வுண்மை தேருக்கு மட்டுமன்று, உள்ளங்கையில் அடங்கும் கணிப்பானுக்கும் பொருந்தும்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன்னர்ச் செய்யப்பட்ட சட்டைப்பைக் கணிப்பான்கள் இன்று அருங்காட்சிப் பொருள்களாகிவிட்டன. அவற்றின் மின்கலங்கள் கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிட்டன, விசைகள் ஒட்டிக்கொண்டன, எண்களைக் காட்டும் விளக்குகள் மங்கின. ஆயினும், அவை மீண்டும் கணக்கிடுவதனைக் கணினியின் திரையிலே நாம் காணலாம். இஃது எவ்வாறு இயலும்? இயன்றதனால் விளைந்த பயன் யாது? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் அக்கணிப்பான்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1970ஆம் ஆண்டையொட்டிய காலம்வரையில், பாலம் கட்டுவோரும் வானூர்தி சமைப்போரும் மடக்கை வாய்பாட்டையும், ஸ்லைடு ரூல் என்னும் நழுவு சட்டத்தையும் கொண்டே தம் கணக்குகளைச் செய்துவந்தனர். அமெரிக்க நாட்டு ஹியூலெட் பாக்கார்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான வில்லியம் ஹியூலெட் என்பார், மடக்கையும் கோணவியல் அளவுகளும் காணவல்ல கணிப்பான் ஒன்று தம் சட்டைப்பையில் அடங்குதல் வேண்டும் என விரும்பினார். அவ்விருப்பத்தின் பயனாக 1972ஆம் ஆண்டில் எச்.பி.-35 என்னும் கணிப்பான் வெளிவந்தது. முப்பத்தைந்து விசைகளை உடைமையால் அஃது அப்பெயர் பெற்றது. அதன் விலை 395 டாலர். கையில் அடங்கும் அறிவியல் கணிப்பான்களுள் அதுவே முதலாவது.

இரண்டாண்டு கழித்து, 1974ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டுக் கிளைவ் சின்கிளேர் என்பார் இதனினும் மிகக் குறைந்த விலையில் ஒரு கணிப்பானை விற்க முற்பட்டார். சின்கிளேர் சயின்டிஃபிக் என்பது அதன் பெயர். 49 பவுன் 95 பென்சு அதன் விலை. விலையைக் குறைத்தற்கு அவர் மேற்கொண்ட வழி வியப்பிற்குரியது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கு செய்கைகளுக்கென்று டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தார் அமைத்த ஒரே ஒரு சில்லினை அவர் எடுத்துக்கொண்டார். அச்சில்லின் நினைவகத்தில் 320 கட்டளைகளுக்கே இடமுண்டு. எச்.பி.-35 கணிப்பானிலோ 768 கட்டளைகள் இருந்தன. அவற்றிற் பாதிக்கும் குறைவான இடத்தில், அந்நான்கு செய்கைகளோடு சைன், கொசைன், மடக்கை முதலியவற்றையும் அடக்கிக் காட்டினார், சின்கிளேரோடு பணியாற்றிய நைஜல் செர்ல் என்னும் கணித வல்லுநர்.

சிறு வீட்டிலே பெருங்குடும்பம் வாழ்ந்ததனை ஒத்தது இச்செயல். அவர் அதனை எவ்வாறு செய்தார் என்பது கணிப்பானின் வெளிப்புறத்தைப் பார்ப்போர்க்குச் சிறிதும் விளங்காது. கட்டளைகள் யாவும் சில்லின் உள்ளே மறைந்து கிடந்தன. சில்லுகள் ஒவ்வொன்றாக அழியுங்கால், அந்நுட்பமும் உடன் அழியும் நிலை இருந்தது.

இத்தகைய அழிவினின்றும் காப்பது போன்மி என்னும் மென்பொருளாகும். ஒன்றனைப் போல இயங்கிக் காட்டுவது போன்மி. அஃது இருவகைப்படும். கணிப்பானின் உருவத்தைத் திரையில் வரைந்து, விசையை அழுத்தியவுடன் இன்றைய கணினி தன் சொந்த முறையாற் கண்ட விடையைக் காட்டுவது ஒருவகை. நாடகத்தில் முடிசூடி நிற்கும் நடிகரை ஒத்தது இது; கோலம் அரசருடையது, உள்ளிருப்பவர் வேறொருவர். பழஞ் சில்லில் இருந்த கட்டளைகளையே ஒன்றுவிடாமற் பெற்று, அச்சில்லின் உறுப்புகள் செய்தவற்றை அவ்வாறே ஒவ்வொன்றாகச் செய்துகாட்டுவது மற்றொரு வகை. நாம் இங்கு ஆராய்வது இவ்விரண்டாம் வகையினையே.

மறைந்து கிடக்கும் கட்டளைகளைப் பெறுவது எவ்வாறு? சில்லினை மூடியுள்ள கடினமான உறையைக் கடுமையான அமிலத்தாற் கரைத்து நீக்குவர். உள்ளே விரல்நகத்தினும் சிறிய சிலிக்கன் தகடு தோன்றும். அதனை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படமெடுப்பர். நினைவகப் பகுதியில் நெட்டுக் கோடுகளும் குறுக்குக் கோடுகளும் நெய்த துணியின் இழைகள்போல ஒன்றனையொன்று வெட்டிச் செல்லும். வெட்டுமிடத்தில் ஒரு சிற்றுறுப்பு இருத்தலும் இல்லாமையும் ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளாம். சின்கிளேர் கணிப்பானின் ஒவ்வொரு கட்டளையும் பதினொரு குறிகளால் ஆயது. ஆகவே, 320 கட்டளைகளுக்கு 3,520 குறிகளைப் படத்தினின்றும் படித்தெடுத்தல் வேண்டும். படித்தெடுத்தபின், எக்குறித்தொகுதி எச்செயலைக் குறிக்கும் என்று தெளிதல் வேண்டும். சிதைந்த கல்வெட்டைப் படியெடுத்துப் பொருள் காண்பதற்கு வேண்டும் பொறுமை இதற்கும் வேண்டும்.

பழஞ் சில்லுகளைப் படமெடுத்துவந்த விஷுவல் 6502 என்னும் குழுவினர், சின்கிளேர் சில்லினையும் படமெடுத்தனர். அமெரிக்கப் பொறியாளர் கென் ஷிர்ரிஃப் என்பார் அப்படங்களைக் கொண்டு கட்டளைகளைப் படித்துப் பொருள் கண்டு, 2013ஆம் ஆண்டில் அக்கணிப்பானுக்குப் போன்மி ஒன்றனை ஆக்கி, இணையத்தில் எவரும் இயக்கிப் பார்க்குமாறு வெளியிட்டார். அதில் விசைகளும் எண்காட்டியும் ஒருபுறம் தோன்றும். அப்பொழுது நிகழும் கட்டளையும், எண்களை இருத்திவைக்கும் அறைகளும் மற்றொருபுறம் தோன்றும். உண்மைக் கணிப்பான் விரைந்து செய்து முடிக்கும் செயலை நாம் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திக் காணலாம்.

அவ்வாறு கண்டபொழுது வெளிப்பட்ட நுட்பம் ஒன்றனைக் கூறுவோம். ஒரு கோணத்தின் சைன், கொசைன் அளவுகளைக் காண அச்சிறு சில்லு செய்ததென்ன?

ஒரு மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்று தரையிற் கிடப்பதாகக் கொள்க. ஒரு முனையை அசையாது வைத்து, மறுமுனையைச் சிறிது சிறிதாக உயர்த்துக. உயர்த்திய முனை தரையினின்றும் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதுவே சைன். உச்சிப்பொழுதில், தலைக்கு நேரே நிற்கும் ஞாயிற்றின் ஒளியில் அக்கோல் தரையில் வீழ்த்தும் நிழலின் நீளமே கொசைன். தொடக்கத்தில் உயரம் 0, நிழல் 1. கோலினை ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்த்தினால், நிழலின் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தோடு கூடும். உயரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நிழலினின்றும் குறையும். அவ்வளவே விதி. ஆயிரத்தால் வகுப்பதற்குத் தனியே வகுத்தல் வேண்டா. இலக்கங்களை மூன்று இடம் வலப்புறம் நகர்த்தினாற் போதும். ஆகவே நகர்த்தலும், கூட்டலும், கழித்தலும் மட்டும் அறிந்த சில்லு, கோணவியலையும் செய்துவிட்டது!

30 பாகைக் கோணத்தை எடுத்துக்கொள்வோம். அஃது ஏறத்தாழ 0.5236 ரேடியன். மேற்கூறிய விதியை 523 முறை செய்தால் உயரம் ஏறத்தாழ 0.4995 ஆகும். எஞ்சிய சிறு கோணத்துக்கும் ஈடு செய்யின், நீங்கள் வகுப்பில் அறிந்துள்ள 0.5 என்னும் விடை கிட்டும். இத்துணை முறை திரும்பத் திரும்பச் செய்தமையாலேதான் அக்கணிப்பான் விடை காட்டச் சில வினாடிகள் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் இலக்கங்களை வலப்புறம் நகர்த்துங்கால், ஓரத்து இலக்கங்கள் உதிர்ந்துபோகும். உதிர்ந்தவை சிறியனவே, ஆயினும் நூற்றுக்கணக்கான முறை உதிர்வதால் விடையின் கடைசி இலக்கங்கள் நம்பத்தகாதன ஆயின.

அக்கணிப்பானின் முகப்பில் 3.14159, 2.71828, 2.30259, 57.2958 என்னும் எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. வட்டக் கணக்குக்குரிய பை முதலியவற்றைப் பயன்படுத்துவோர் தாமே பார்த்து அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இதனைக் குறையென்று எண்ணினோர் உண்டு. கட்டளைகள் முழுவதும் வெளிப்பட்ட பின்னரோ, அவ்வெண்களை உள்ளே வைத்தற்கு எள்ளளவும் இடமின்மை தெளிவாயிற்று. நினைவகத்தில் இடம் பெறாதவை உறையின்மேல் இடம் பெற்றன.

இங்கே ஓர் ஐயம் எழும். பழங் கணிப்பான் தவறு செய்யுமாயின், போன்மியும் அத்தவறினைச் செய்தல் வேண்டுமோ? திருத்தி அமைத்தல் நன்றன்றோ?

எச்.பி.-35 கணிப்பானின் வரலாற்றிலிருந்தே இதற்கு விடை காணலாம். முதலில் விற்கப்பட்ட கணிப்பான்களின் கட்டளைத் தொகுதியில் ஒரு பிழை இருந்தது. 2.02 என்னும் எண்ணுக்கு இயல் மடக்கை கண்டு, அவ்விடையை மீண்டும் எண்ணாக மாற்றின், 2.02 என்றே வருதல் வேண்டும். அக்கணிப்பானோ 2 என்று காட்டியது. நிறுவனத்தார் பிழையை மறையாது வாங்கியோர்க்கு அறிவித்து, மாற்றித் தரவும் முன்வந்தனர். அம்முதற் கட்டளைத் தொகுதியையே கொண்டு இயங்கும் போன்மியில் இன்றும் 2 என்றே விடை வருதல் வேண்டும். 2.02 என்று வருமாயின், அது வேறு யாருடைய கட்டளையையோ நடத்துகின்றது என்பது பொருள்.

ஏட்டினைப் பெயர்த்தெழுதுவோர், தமக்கு விளங்காத சொல்லைப் பிழையென்று கருதி மாற்றிவிடின், பின் வருவோர் மூலத்தை அறியும் வழி அடைபடும். விளங்காததனையும் உள்ளவாறே எழுதிவைத்தாராயின், பின்னொருவர் வந்து பொருள் காண்பார். பிழையைத் திருத்துதல் ஆசிரியர் தொழில். உள்ளதனை உள்ளவாறு காட்டுதல் படியெடுப்போர் தொழில். போன்மியும் இவ்விரண்டாம் தொழிலையே மேற்கொண்டது. அதன் நேர்மையே அதன் சிறப்பு.

இன்று நம் கைபேசியிலுள்ள கணிப்பான் இப்பழங் கணிப்பான்களினும் விரைவும் திருத்தமும் உடையது. அவ்வாறாக, பழையதனைக் காப்பது எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். கைபேசி 30 பாகையின் சைனை இமைப்பொழுதிற் கூறிவிடும். ஆயினும், அவ்விடை எங்கிருந்து வந்தது என்பதனை நமக்குக் காட்டாது. 320 கட்டளைகளே உடைய சிறு பொறியை ஒருவர் முயன்றால் முழுவதும் கற்றுவிடலாம். முதற் கட்டளை தொடங்கி இறுதிக் கட்டளைவரை ஒரு பொறியின் உள்ளத்தை முற்றும் அறிந்தார்க்கு, அதனினும் பெரிய பொறி அச்சந் தருவதில்லை.

மாணவர்களே! ஒரு தாளில் உயரம், நிழல் என இரு நிரல்கள் வரைந்து, மேற்கூறிய விதியைப் பத்து முறையேனும் உங்கள் கையாற் செய்து பாருங்கள். முதல் முறையில் உயரம் 0.001 ஆகும், பத்தாம் முறையில் ஏறத்தாழ 0.01 ஆகும். நிழலோ மாறாததுபோலத் தோன்றி, மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். 1974ஆம் ஆண்டில் செர்ல் எழுதிய கட்டளைகள் அச்சிறு சில்லினுள் செய்தது இதுவே. அவர் எழுதிய முறை சில்லோடு அழிந்திருக்கும். 3,520 குறிகளையும் பொறுமையோடு படித்தெடுத்தோர் இருந்தமையால், அஃது இன்று உங்கள் தாளிலும் நடைபெறுகின்றது.