கணினிக்குள் ஒரு காற்றூட்டத் தொட்டி

சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோல் உப்பித் தடித்திருக்கும். டிரம்மில் போட்டு, அம்மோனியம் சல்பேட் கலந்த தண்ணீரில் சுழற்றுவார்கள். பிறகு தடித்த ஓரத்தில் ஒரு வெட்டு. வெட்டுமுகத்தில் ஃபினால்ஃப்தலீன் ஒரு சொட்டு. இளஞ்சிவப்பு தட்டினால் உள்ளே சுண்ணாம்பு மிச்சம். நிறம் மாறாவிட்டால் டிரம் தண்ணீரைத் திறந்துவிடலாம். அதோடு அம்மோனியாவும் கிளம்பிவிடுகிறது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் செய்த சேதம் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. வேலூர் தோல் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அதைப் பதிவு செய்திருக்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. இம்மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்த நிலையமோ இல்லாமல் தொழில் நடத்த முடியாது என்றானது.

நிலையம் கட்டிவிட்டால் மட்டும் அம்மோனியா போய்விடாது. அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு, ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் இல்லாத இடமும், தின்னக் கரிமப் பொருளும் தேவை. தொட்டிக்குக் காற்றூதும் புளோயரைக் கூட்டினால் முதல் வேலை நடக்கும், இரண்டாவது முடங்கும், மின்கட்டணமும் ஏறும். தொட்டியிலேயே சோதித்துப் பார்க்கவும் துணிவு வராது. முதல் வகை பாக்டீரியா மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை அழிந்தால் மீண்டு வர வாரக்கணக்கில் ஆகலாம்.

அதற்குத்தான் கணினி. மோகென்ஸ் ஹென்சே தலைமையிலான சர்வதேசக் குழு 1987-இல் ஏஎஸ்எம்1 என்ற கணித மாதிரியை வெளியிட்டது. கழிவுநீரை 13 கூறுகளாகப் பிரித்து, 8 நிகழ்வுகளில் அவை எப்படி மாறுகின்றன என்று கணக்கிடுவது அது. இரவில் புளோயரைக் குறைத்தால் என்ன ஆகும், நைட்ரேட் நீரை ஆக்சிஜன் இல்லாத முன்தொட்டிக்கு இன்னும் அதிகமாகத் திருப்பினால் என்ன ஆகும் என்றெல்லாம் திரையிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஏஎஸ்எம்1-இன் வழக்கமான எண்கள் வீட்டுச் சாக்கடையை மனத்தில் வைத்து, 20 டிகிரி வெப்பத்துக்குத் தரப்பட்டவை. திண்டுக்கல் வெயிலில் பாக்டீரியா வேகமாகப் பெருகும், ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். தோலிலிருந்து வரும் உப்பும், சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்ஃபைடும் பாக்டீரியாவை ஒடுக்கும். இவற்றை உள்ளூர் நீரிலேயே அளந்து மாதிரியைத் திருத்தாவிட்டால் விடை தவறும். கழிவு ஒரே சீராக வருவதுமில்லை. நாள் சராசரியை மட்டும் எழுதிவைத்தால் அம்மோனியா எகிறும் நேரம் கணக்கில் மறைந்துபோகும்.

ஆகவே மென்பொருள் வாங்குவதற்கு முன், மணிக்கொரு முறை நீர் எடுத்துச் சோதிக்க ஆள் வேண்டும். திண்டுக்கல் மாவட்டச் சின்னாளபட்டியை ஒட்டியே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களும் நிலையத்து ஆபரேட்டர்களும் சேர்ந்தே இந்த வேலையைத் தொடங்கலாம்.