இரண்டே வரியில் அடைபட்ட ஓட்டை

"வேரியபிளுக்கு முதல்ல ஒரு மதிப்பு கொடுப்பா" என்று சி லேபில் ஆசிரியர்கள் தொண்டை வறளச் சொல்வது உங்களுக்குத் தெரியும். லினக்ஸ் கெர்னலிலேயே அது விட்டுப்போனால்? 2022-ல் 'டர்ட்டி பைப்' என்ற பெயரில் வெளிவந்தது அந்தக் கதைதான்.

நாம் ஒரு ஃபைலைப் படித்தால், கெர்னல் அதை 4096 பைட் பக்கங்களாக மெமரியில் வைத்துக்கொள்ளும். இது பேஜ் கேஷ். அடுத்து யார் கேட்டாலும் டிஸ்க்குக்குப் போகாமல் இதையே காட்டும். பைப் என்பது ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போகும் குழாய். உள்ளே வழக்கமாக 16 அறைகள். 'ஸ்ப்ளைஸ்' என்ற கட்டளை, ஃபைலைக் காப்பி எடுக்காமல் பேஜ் கேஷ் பக்கத்தையே ஓர் அறையில் மாட்டிவிடும். வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான்.

நம்ம குப்பத்து மீன் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒருவர் 'இதில் இன்னும் போடலாம்' என்று அதில் சாக்பீஸால் எழுதினார். இன்று அதே பெட்டியில் வேறொருவர் மீன். பழைய எழுத்தை யாரும் அழிக்கவில்லை. அப்புறம் என்ன, வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் மீனைக் கொட்டுவான்! பைப்பின் அறையிலும் இதே கதை. பழைய ஃபிளாக் அழியாததால், பைப்பில் எழுதியது நேராகப் பேஜ் கேஷில் போய் விழுந்தது.

விளைவு பயங்கரம். படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலையும் மாற்றலாம். யூசர் பட்டியல் உள்ள பாஸ்வேர்டு ஃபைலை எல்லாரும் படிக்கலாம் அல்லவா? அதில் சில எழுத்தை மாற்றினால் சாதாரண யூசர் ரூட் ஆகிவிடுவார். பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, ஃபைலின் நீளத்தைக் கூட்ட முடியாது என்ற வரம்பெல்லாம் திருடனைத் தடுக்கவில்லை.

கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் மாக்ஸ் கெல்லர்மன். 2021-ல் வாடிக்கையாளர் ஒருவரின் லாக் ஃபைல் கெட்டுப்போனதாகப் புகார் வந்தது. சரிசெய்தால் மறுபடியும் அதே புகார். கெட்டவை பெரும்பாலும் மாதக் கடைசி நாளின் ஃபைல்கள்; கடைசி 8 பைட்டில் ஜிப் ஃபைலின் தலைப்பு உட்கார்ந்திருந்தது! மாதத்து லாக்குகளை ஜிப்பாக அனுப்பும்போது, கடைசி ஃபைலுக்குப் பின் எழுதியது அந்த ஃபைலுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. ஹார்டுவேர் கோளாறு என்று தள்ளிவிடாமல் மாதக்கணக்கில் துரத்தினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

2016-லேயே (4.9) அந்த வரி விடுபட்டிருந்தது. அப்போது அதனால் ஆபத்தில்லை. 2020-ல் 5.8 பதிப்பில் செய்த வேறொரு மாற்றம்தான் அதை ஓட்டையாக்கியது. 2022 பிப்ரவரி 20-ல் தகவல் தந்தார். மூன்றே நாளில் 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகள் திருத்தத்தோடு வந்தன. விவரம் மார்ச் 7-ல்தான் வெளியானது. திருத்தம்? இரண்டு ஃபங்ஷன்களில் ஃபிளாக்கைப் பூஜ்யமாக்கும் தலா ஒரு வரி.

அண்ணன், அக்காமார் 2011 வாக்கில் வாங்கிய அரசு லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸின் கெர்னல் இதற்கும் பழையது; அதில் இந்த ஓட்டை கிடையாது. உங்கள் கெர்னல் பதிப்பை 'யூநேம்' கட்டளை காட்டும். ஆனால் டெபியன், உபுண்டு போன்றவர்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடாமல், அப்டேட் போட்டுவிட்டு ஒருமுறை ரீபூட் பண்ணிவிடுங்கள்.