வியன்னாவில் ஒலித்த மோர்குல் முரசு

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைச் சேர்ந்த ‘சம்மனிங்’ இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘மினாஸ் மோர்குல்’. நேபாம் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1995இல் இதை வெளியிட்டது. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் கதைகளைப் பாடும் பிளாக் மெட்டல் என்றதும் ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று சம்மனிங். அந்தப் பெயருக்குக் கடைக்கால் போட்டது இந்த ஆல்பம்தான்.

பிளாக் மெட்டல் என்ற பெயர் வெனம் என்ற இங்கிலாந்துக் குழு 1982இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வந்தது. அது தனிப் பாணியாக உருப்பெற்ற இடம் 1990களின் தொடக்கத்து நார்வே. கிட்டார் கம்பியை மின்னல் வேகத்தில் மீட்டுவது, டிரம்ஸை இடைவெளியே இல்லாமல் அடிப்பது, தொண்டை கிழியக் கத்துவது, ஒலிப்பதிவை வேண்டுமென்றே கரடுமுரடாக விடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். கிறிஸ்தவ எதிர்ப்பு அதன் கொள்கை. 1992இல் பெர்கன் நகருக்கு அருகிலிருந்த ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டதும் இந்த வட்டாரத்தோடு சேர்த்துப் பேசப்படும் சம்பவமே. இதே வட்டாரத்து இளைஞர்கள்தான் தங்கள் குழுக்களுக்கு பர்சம், கோர்கோரோத் என்று டோல்கீனின் இருண்ட உலகத்திலிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்கள். டோல்கீனோ தீவிரக் கத்தோலிக்கர். தன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவல் இப்படிப்பட்ட கைகளுக்குப் போய்ச் சேரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நார்வேக்காரர்கள் பெரும்பாலும் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். சம்மனிங் கதைக்குள்ளேயே குடியேறியது. ஆனால் அதற்கான இசை முதலில் அவர்களிடம் இல்லை. அதே 1995இல் வந்த முதல் ஆல்பம் ‘லுக்பூர்ஸ்’ பெயரளவில் டோல்கீனுடையது. இசையில் அன்றைய வேகமான பிளாக் மெட்டலிலிருந்து அதிகம் விலகாதது. அதில் புரொடெக்டர், சிலேனியஸ், டிரிஃபிக்ஷன் என்ற புனைபெயர்களில் மூவர் இருந்தனர். டிரம்ஸ் வாசித்த டிரிஃபிக்ஷன் அதோடு விலகினார். மற்ற இருவரும் இன்னொரு டிரம்ஸ் கலைஞரைத் தேடவில்லை. தாள வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். இந்த முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

டிரம்ஸ் கலைஞர் இருந்தால் அவர் கைவேகத்தைக் காட்டியாக வேண்டும். இயந்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘மினாஸ் மோர்குல்’ ஆல்பத்தில் ராக் இசைக்குரிய டிரம்ஸ் அமைப்பே பின்னுக்குப் போய், போர்முரசு போன்ற கனத்த ஒலி முன்னுக்கு வருகிறது. ஒரு அடி விழுகிறது. அதன் எதிரொலி நீண்டு தேய்கிறது. அது அடங்கும் தறுவாயில்தான் அடுத்த அடி. வேகமான தாளத்தில் இத்தனை எதிரொலியைச் சேர்த்தால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஆகவே நடை தானாகவே மெதுவாகிறது. எதிரொலி நீளும் அளவுக்கு ஒலி பிறக்கும் இடமும் பெரிதாகத் தோன்றுவது காதின் இயல்பு. சிறிய அறையில் பதிவான இசைகூடக் கணவாய்க்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்பதன் சூட்சுமம் இதுவே.

கிட்டாரின் வேலையும் மாறுகிறது. வழக்கமாக மெட்டல் இசையில் மெட்டைச் சுமப்பது கிட்டார். இங்கே அது பின்னணியில் இரைந்துகொண்டே இருக்கிறது. மெட்டைக் கீபோர்டு எடுத்துக்கொள்கிறது. எக்காளம், புல்லாங்குழல், தந்தி வாத்தியம் என்று அது போடும் வேஷங்கள் பல. எளிய மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் இன்னொரு குரலோ வாத்தியமோ ஏறும். கத்தல் இருக்கிறது, ஆனால் தொலைவில். அந்தக் கீபோர்டு ஒலிகள் மலிவானவை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்; நிஜ எக்காளம் என்று யாரும் ஏமாறப்போவதில்லை. ஒரே மெட்டு எட்டு நிமிடம் சுழலும்போது பொறுமை இழப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நிஜ ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தால் இது திரைப்படப் பின்னணி இசையாகச் சுருங்கியிருக்கும். டோல்கீனின் நாவலை வைத்து பீட்டர் ஜாக்சன் எடுத்த முதல் படம் வர அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

தலைப்பிலுள்ள நகரத்தின் கதை இந்த இசைக்குப் பொருத்தமானது. அது முதலில் கோண்டோர் மன்னர்களின் நிலவுக் கோபுரமான மினாஸ் இத்தில். டோல்கீன் உலகத்து மூன்றாம் யுகத்தின் 2000ஆம் ஆண்டில் இருள் வேந்தனின் பேய்ப் படைத்தலைவர்களான நாஸ்கூல்கள் முற்றுகையிட்டு, இரண்டு ஆண்டுகளில் கைப்பற்றினார்கள். அதன்பின் அது மினாஸ் மோர்குல் ஆனது. நாவலில் நாயகர்களான ஃபிரோடோவும் சாமும் கொல்லமின் வழிகாட்டுதலில் அதன் வாசலருகே கடந்துபோகும்போது, பிணத்தின் வெளிறலோடு அது ஒளிர்கிறது.

பாடல் வரிசையில் டோல்கீன் வாசகர்களுக்கு ஒரு சிறு விருந்து உண்டு. குரலில்லாத முன்னிசைக்குப் பிறகு ‘லுக்பூர்ஸ்’ வருகிறது. முதல் ஆல்பத்தின் பெயரே இங்கே பாட்டுக்கும் பெயர். அடுத்த பாடல், கோண்டோர் அரியணையின் வாரிசான அரகோர்னோடு மலைக்கடியில் செல்லும் இறந்தோர் பாதையில் நுழையும் சாம்பல் படையைப் பற்றியது. அதைத் தொடர்வது ‘மோர்த்தாண்ட்’. அந்தப் பாதை மலைக்கு மறுபுறம் வெளியேறும் இடத்தில் ஊற்றெடுக்கும் ஆற்றின் பெயர் அது. வரைபடத்தை விரித்துவைத்துப் பாடல்களை அடுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பின்பாதியில் ‘சில்மரில்லியன்’ நூலின் பழைய காலமும் வருகிறது: ஒளிமரங்களை உறிஞ்சிய சிலந்தி அங்கோலியாந்த், தீய சக்தியான மோர்கோத்தின் நெருப்பாறுகள் அவன் கோட்டையைச் சூழ்ந்திருந்த ஏறக்குறைய நானூறு ஆண்டு முற்றுகையை உடைத்த தாகோர் பிராகோல்லாக் போர். வீரர்களைவிட இடங்களும் அழிவுகளுமே இந்தப் பட்டியலில் அதிகம். ஃபிரோடோ பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை.

இங்கே கண்டுபிடித்த பாணியைக் குழு பிறகு கைவிடவே இல்லை. ‘டோல் குல்தூர்’ அதை இன்னும் இருளாக்கியது. 1999இல் வந்த ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ கிட்டாருக்கு இழந்த இடத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. 2006இல் வெளியான ‘ஓத் பவுண்ட்’ ஆல்பத்தில் ஒரு பாடல் முழுவதும் டோல்கீனின் இருள் நாடான மோர்டோரின் கறுப்பு மொழியிலேயே அமைந்தது. டோல்கீன் விட்டுச்சென்ற அம்மொழிச் சொற்கள் மிகச் சொற்பம் என்பதால், மீதியை வாசகர்கள் இட்டு நிரப்பிய சொற்களைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டியிருந்தது. 2018இல் ‘வித் டூம் வி கம்’ வந்தபோதும் குழுவில் அதே இருவர்தான் இருந்தனர். முரசு இயந்திரத்துடையதாகவே இருந்தது.