மரம் பாட்டுடைத் தலைமை பெறுதல்

சங்கச் சான்றோர் செய்யுட்களில் மரம் காக்கப்படுதலையும் வெட்டப்படுதலையும் ஒருங்கே காண்கிறோம். கடிமரம் என்பது வேந்தனது ஆற்றலின் அடையாளம். அதனைக் காத்தல் அவன் மானத்தைக் காத்தலாகும். பகைவர் அதனைத் தடிதல் அம்மானத்தை அழித்தலாகும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது கடம்பினை வெட்டி முரசு செய்துகொண்ட வெற்றியைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் போற்றுகின்றார். ஈண்டுப் பாட்டுடைத் தலைவன் வெட்டிய வேந்தனே. வீழ்ந்த மரம் அன்று. அச்சேரர் ஆண்ட நிலப்பகுதியிலேயே, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மரம் தானே பாட்டுடைத் தலைமை பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், நீலகிரியின் தென்மேற்குக் கோடியில் உள்ளது சைலண்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கு. சிள்வண்டின் ஒலி இன்மையால் இப்பெயர் வந்தது என்பர். பழமையான இப்பசுமைமாறாக் காட்டின் ஊடே குந்திப்புழை ஓடுகின்றது. இங்கு வாழும் சோலைமந்தி வெடிப்பலா மரத்தின் பூவையும் காயையும் பெரிதும் உண்பது. பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்காதது. ஆதலின் காட்டின் தொடர்ச்சி அறுபடின் அதன் வாழ்வும் அறுபடும்.

இவ்வாற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்னாற்றல் பெறும் திட்டத்திற்கு 1973-இல் திட்டக்குழு இசைவளித்தது. அணை எழின் ஏறத்தாழ 830 ஹெக்டேர் நிலம் நீரில் மூழ்கும். மலபார்ப் பகுதிக்கு மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டும் என்றனர் திட்டத்தை விழைந்தோர். அவர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. 1976-இல் ஆராய்ந்த நடுவணரசுக் குழு, திட்டத்தைக் கைவிடுதலே நன்று என்றது. கைவிட இயலாதாயின் காப்புவிதிகள் வேண்டும் என்றும் கூறிற்று. அப்பின்னைய கூற்றே திட்டத்தார்க்கு வாயிலாயிற்று.

எதிர்ப்பு இருமுகமாக எழுந்தது. கேரள சாத்திர சாகித்தியப் பரிஷத்து என்னும் அறிவியல் அமைப்பு, மின்தேவையை வேறு வழியாலும் நிறைவு செய்யலாம் எனக் கணக்கிட்டுக் காட்டியது. சுகதகுமாரி, என். வி. கிருஷ்ண வாரியர் முதலிய மலையாளக் கவிஞர்கள் மற்றொரு முகமாயினர். அவர்களை 'மரக்கவிகள்' என எள்ளினாரும் உளர். சுகதகுமாரி இயற்றிய 'மரத்தினு ஸ்துதி', அதாவது மரத்திற்குத் துதி, இயக்கக் கூட்டங்களின் தொடக்கப் பாடலாகவே வழங்கலாயிற்று.

இத்தலைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. துதி தெய்வத்திற்கும் வேந்தர்க்கும் உரியதாய் வந்த மரபு. அதனை மரத்திற்கு ஆக்கியபொழுது, காத்தலின் காரணமே வேறாயிற்று. கடிமரம் வேந்தன் பொருட்டும், கோயிற்காட்டு மரம் தெய்வத்தின் பொருட்டும் காக்கப்பட்டன. இங்கோ மரம் தன் பொருட்டே காக்கப்படுதற்கு உரியதாயிற்று. நற்றிணை 172-ஆம் பாட்டிலே புன்னை தலைவியின் தங்கையாக மதிக்கப்படவில்லையோ எனின், மதிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஆண்டு அவ்வுறவு தலைவியின் நாணத்தைப் புலப்படுத்தும் கருவியாய் நின்றது. அகத்திணை மரபில் கருப்பொருள் உரிப்பொருட்குத் துணையாவதே இயல்பு. துணையாய் நின்ற மரம் தலைமை எய்தியதே இவ்வியக்கப் பாடலின் புதுமை எனலாம்.

1980-இல் கேரள உயர்நீதிமன்றம், அரசின் கொள்கை முடிவைச் சீர்தூக்குதல் தன் பணியன்று எனக் கருதி, திட்டத்திற்கு எதிரான வழக்கைத் தள்ளியது. பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் ஏறத்தாழ 90 சதுரக் கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1985-இல் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார்.

பாட்டே காட்டைக் காத்தது என்றல் மிகையாகும். அறிவியலாரின் கணக்கும் நடுவணரசின் துணிவும் இன்றி இது கைகூடியிராது. ஆயின் கணக்கு, எண்ணத்தக்க இழப்பை மட்டுமே எண்ணவல்லது. வழக்குமன்றத்தில் தனக்கென வாயில்லாத மரத்தை மக்கள் மன்றத்தில் தலைமை தந்து நிறுத்தியது செய்யுள். இலக்கியம் இயற்கையை வருணிப்பது மட்டுமன்றி அதன் சார்பில் வழக்காடவும் வல்லது என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று. திணைக்கோட்பாட்டைப் பயில்வோர், கருப்பொருளின் தகுதி காலந்தோறும் மாறி வந்துள்ள வகையினை இவ்வொளியில் மேலும் ஆராய்தல் பயன்தரும்.